வெள்ளைச் சேட்டு விருந்தாளிகள்

"கிளாசைத் தண்டிலைதான் பிடிக்கவேணும். வயித்திலை பிடிச்சால் பட்டிக்காட்டான் எண்டு நினைப்பினம்."

நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில் இருக்கும் ஒரு வைன் பாருக்கு நடந்து போகிற வழியெல்லாம் ஞானசேகரம் பாடம் நடத்தினார். பத்து வருடமாக அவர் வீட்டுவேலை செய்யும் வீட்டின் இத்தாலிய எசமானி, சினோராவுக்கு இன்று எழுபதாவது பிறந்தநாள். விருந்துக்கு வரச் சொல்லியிருந்தாள்.

"உண்மையா அவ கூப்பிட்டவவோ, அண்ணை?" கூட வந்த நண்பன் வசீகரனுக்கு இன்னும் சந்தேகம்.

"வேலைக்காரன் எண்டே என்னை நினைக்கிறா? குடும்பத்திலை ஒராளடா நான். சிநேகிதரையும் கூட்டிவரட்டோ எண்டு கேட்டன். எத்தினை பேரெண்டாலும் கூட்டி வா எண்டவ. என்ன உடுப்புப் போடவேணும் எண்டுகூட அவவே சொன்னவ."

அதனால்தான் அவரும் வசீகரனும் விதுரனும் வெள்ளைச் சேட்டும் கறுப்பு லோங்ஸுமாக மின்னினார்கள். விதுரனுக்குப் புதுச் சப்பாத்து காலைக் கடித்தது.

உள்ளே விருந்தாளிகள் கலர் கலராக நின்றார்கள். வெள்ளைச் சேட்டில் ஒருவரும் இல்லை.

சினோரா ஓடிவந்து ஞானசேகரத்தைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். நண்பர்களைத் திரும்பிப் பார்த்த அவருடைய பார்வையில் ஒரு அரண்மனைப் பெருமையே இருந்தது.

"பிராவோ! நீ ஒருவன் எப்படிச் சமாளிப்பாய் என்று பயந்துகொண்டிருந்தேன். மூன்று பேராக வந்துவிட்டீர்களே!"

சொல்லிக்கொண்டே அவர் கையில் மூன்று ஏப்ரன்களை வைத்தாள்.

வசீகரன் தன்னுடையதை எடுத்துக் கட்டியபடி, மிகவும் பணிவாகக் கேட்டான்:

"அண்ணை, கிளாசைத் தண்டிலை பிடிக்கச் சொன்னியள். தட்டத்தை எதிலை பிடிக்கிறது?"