அக்கரை

“இன்னைக்கு நீ என்னைத் தூக்கிட்டுப் போ” என்றாள் வேம்பு. கறுத்துப் பருத்த பெண்ணை எவளும் தூக்க மாட்டாள், எவனும் தூக்க மாட்டான், கேட்டு அசிங்கப்படாதே என்று அம்மா அவளுக்குச் சொல்லியே வளர்த்திருந்தாள்.

சுகந்தி சிரித்தாள். அவளுக்குக் கிள்ளினால் சிவக்கும் நிறம், கொடி உடம்பு. மாலைதோறும் அவளை இடுப்பளவு ஆற்றில் சுமந்து அக்கரை சேர்ப்பது வேம்புதான். அந்த மரங்களுக்குள்தான் இருவரும் யாருக்கும் பயப்படாமல் முத்தமிட்டுக்கொள்வார்கள்.

“எந்த ஊர்லடி புருஷன் தூக்கச் சொல்லுவான்?”

“நான் பொம்பளடி. தண்ணிக்குள்ள கனக்கவும் மாட்டேன். ஒரு தடவை தூக்கிப் பாரேன்.”

“இந்த நிறத்தையும் உடம்பையும் வச்சுக்கிட்டா பொம்பள? நீ ஆம்பள மாதிரி இருக்கேன்னுதானே உன்கிட்ட வந்தேன்.”

வேம்பு ஆற்றில் இறங்கி மல்லாந்தாள். ஆறு ஒரு முனகல்கூட இல்லாமல் அவளைத் தூக்கிக்கொண்டது. கூந்தல் அகல விரிந்தது. மார்பைச் சுற்றி மேகங்கள் மிதந்தன. மீன்கள் வந்து விரல்களில் மோதிரம் தேடின.

“விளையாடினது போதும், வா. என் துணி நனையக் கூடாது” என்று கரையில் நின்று சுகந்தி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

வேம்பு அக்கரையில் எழுந்தாள். துப்பட்டாவைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மரங்களைத் தாண்டி நடந்தாள்.