ஈரக் கூடாரம்

சொட்டச் சொட்ட நனைந்திருந்த கூடாரத்தைக் குணசிங்கம் வாசலோரத்து ஜாக்கெட் அலுமாரிக்குள் திணித்தார்.

“அப்பா, காயாமல் மடிச்சால் பூஞ்சணம் பிடிக்கும்!” மகள் சிவரஞ்சினி பதறினாள்.

“பிடிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டாக்கள் கீழை வந்திட்டினம். நீ மருத்துவம் படிக்கிறாய், விளங்குதோ?”

சிவரஞ்சினி உண்மையில் படித்தது பூங்கா, பொழுதுபோக்கு, உடற்பயிற்சி. ஒஸ்லோவிலிருந்து மூன்று மணி நேரம் போனால் வரும் ஒரு மலையடிவாரக் கல்லூரியில். நோர்வேயின் வடகோடிப் பாட்ஸ்பியோர்ட்டில் விரல் விறைக்க மீன் வெட்டி வளர்த்த பிள்ளை பனியில் சறுக்கவும் கூடாரம் அடிக்கவும் படிக்கிறாள் என்று எந்த முகத்தோடு சொல்வது? கோவிலில் ஒருவர் கேட்டபோது குணசிங்கத்தின் வாயில் மருத்துவம் என்று வந்துவிட்டது. வந்தது வந்ததுதான்.

வந்த சம்பந்தம் எல்லாவற்றையும் தட்டிக் கழித்தவள், இந்த ரஜீவனின் படத்தைக் கண்டதும் மறுபேச்சில்லாமல் ஓம் என்றிருந்தாள். இதுவும் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை.

பனிவெயிலில் கறுத்து உரிந்திருந்த மகளின் மூக்கில் தாய் பவளம் இன்னொரு தடவை பவுடரை அப்பினாள். மணி அடித்தது.

மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் உள்ளே வந்தார்கள். அலுமாரிப் பக்கம் யாரும் போகாதபடி, ஜாக்கெட்டுகளைக் குணசிங்கமே வாங்கிக் கொண்டுபோய்ப் படுக்கையறையில் போட்டார்.

“தம்பிக்கு எண்ணெய்ப் பொறியியல்,” என்றார் மாப்பிள்ளையின் தகப்பன் சிறீஸ்கந்தராசா. ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் சொந்த வீட்டுக்காரர். குரலிலும் அது தெரிந்தது.

“தம்பிக்கு மூக்கெல்லாம் உரிஞ்சு கிடக்கு, பாவம்,” என்றாள் பவளம்.

“கடல் காத்து,” என்றார் சிறீஸ்கந்தராசா அவசரமாக. “எண்ணெய்த் தளத்திலை நிண்டெல்லோ படிக்கவேணும்.”

டாக்டரும் என்ஜினியரும்! குணசிங்கத்துக்கு உச்சி குளிர்ந்தது.

“இப்ப சில பிள்ளையள் காட்டிலை படுக்கவும் கல்லூரிக்குப் போகுதுகளாம்,” என்றார் சிறீஸ்கந்தராசா.

“தாய் தேப்பனைச் சொல்லவேணும்,” என்றார் குணசிங்கம்.

இருவரும் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தார்கள். பிள்ளைகள் இரண்டும் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தன.

சித்திரையில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. எல்லோரும் எழுந்தார்கள். ஜாக்கெட் வேறு எங்கே இருக்கப்போகிறது என்று, குணசிங்கம் ஓடி வருவதற்குள் சிறீஸ்கந்தராசா அலுமாரியைத் திறந்துவிட்டார். கூடாரம் அவர் காலடியில் தொப்பென்று விழுந்தது.

“அது... பக்கத்து வீட்டு நோர்வேக்காரன்ரை!” என்றார் குணசிங்கம்.

கூடிவந்த கல்யாணம் ஒரு ஈரத் துணியால் குழம்பப் போகிறதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

ரஜீவன் குனிந்து, பழகிய கையால் கூடாரத்தை எடுத்து உதறினான்.

“காயாமல் மடிச்சால் பூஞ்சணம் பிடிக்கும், அங்கிள். பிறகு திங்கட்கிழமை வகுப்பிலை எங்கள் ரெண்டு பேருக்கும்தான் ஏச்சு விழும்.”