மெதுவாகச் சேரும் கார்டு

"பாயிண்ட்டு ரொம்ப மெதுவாச் சேர்ற கார்டு எதும்மா?" என்று தனுஷ்கோடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

பேங்க்கில் கார்டு போட்டுக்கொடுக்கும் பானுப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். செலவு செய்யச் செய்யப் பாயிண்ட் சேர்ந்து, இலவச விமான டிக்கெட் கிடைக்கிற கிரெடிட் கார்டு அது. எது சீக்கிரம் சேரும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இந்தப் பெயிண்டுக் கடை அண்ணாச்சி மட்டும் அருப்புக்கோட்டையில் ஒரு தனிப்பிறவியாக இருந்தார்.

மனைவி சரஸ்வதி வாசலில் தெரிந்தவர் யாரிடமோ பேசிக்கொண்டு நின்றாள். அவள் உள்ளே வருவதற்குள் காரியத்தை முடித்தாக வேண்டும்.

பானுப்பிரியா ஒரு விளம்பரத் தாளைக் காட்டினாள். "இது இருக்கு அண்ணாச்சி. ஆனா ஒரு டிக்கெட்டு எடுக்குறதுக்கே பத்து வருசம் ஆயிரும்."

"அதத்தான் குடும்மா."

பாவம், அவர் கஷ்டம் அவருக்கு. மகன் அருண்பாண்டியன் கனடாவில் இருப்பதாக ஊரே நம்பிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் போர்டு வைத்தல்லவா அவனை அனுப்பினார்கள்! ஏஜென்ட் கொடுத்த விசா போலி. சென்னை ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எந்த முகத்தோடு ஊருக்குள் வருவது? பையன் நேரே திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருவான். ஏற்றுமதி ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஜன்னலை அடைத்துக்கொண்டு, பனி கொட்டுவதாகச் சொல்லுவான். அவன் நெற்றியில் வேர்வை வழிய வழியத் தனுஷ்கோடி பேச்சை மாற்றுவார். சரஸ்வதி பிரஷருக்கு மாத்திரை போடுகிறவள். உண்மை தெரிந்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் ஒன்றரை வருஷமாக அவரைத் தூங்கவிடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தக் கார்டு சங்கதி அவள் காதில் விழுந்திருந்தது. மகனைப் பார்க்க பிளேனில்தான் போவேன் என்று தெரு முழுக்கச் சொல்லியும் விட்டாள். சொந்தக்காரர்கள் ஏர்போர்ட் வரை வேன் வைத்து வருவதாகப் பேச்சு.

உள்ளே வந்து உட்கார்ந்தவளிடம் அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "உனக்குப் பாஸ்போர்ட்டே இல்லையே சரசு. மொதல்ல அதுக்கு எழுதிப் போடுவோம். கார்டு அப்பறம் வாங்கலாம்."

"பாஸ்போர்ட்டுக்கு என்ன அவசரம்? நீங்க கையெழுத்தப் போடுங்க" என்றாள் அவள்.

மெதுவான கார்டுதானே, பத்து வருஷத்தில் என்னென்னவோ நடக்கும் என்று கையெழுத்துப் போட்டார். அவள் பேரிலும் ஒரு கார்டு சேர்த்துக் கேட்டாள். அதையும் கொடுத்தார். ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான்.

சரஸ்வதிக்கு இருக்கிற சொந்தபந்தத்தை அவர் மறந்துபோனார். அக்கா மகள் கல்யாணத்துக்கு மதுரையில் நகை எடுத்தார்கள். அவள் கார்டைத் தேய்த்தாள். திருச்சுழி சித்தப்பாவின் போர் மோட்டார், தம்பி லாரிக்கு டயர், கொழுந்தன் மகனின் காலேஜ் ஃபீஸ் என்று எல்லாவற்றுக்கும் அவள் கார்டு போனது. அவர்கள் ரொக்கத்தை இவள் கையில் கொடுத்தார்கள். அவள் மறுநாளே பேங்க்கில் கட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயில்லாமல், திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அவர் கடையில் உட்கார்ந்திருந்தார்.

ஏழே மாதத்தில் அவர் செல்லுக்கு மெசேஜ் வந்தது. ரெண்டு இலவச டிக்கெட்டுக்கு வேண்டிய பாயிண்ட் சேர்ந்துவிட்டதாம். வாழ்த்து வேறு சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே சரஸ்வதி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாரிச்செல்வத்தின் டிராவல்ஸ். தனுஷ்கோடியும் கூடவே போனார். இனியும் மறைத்தால் இவளை ஊர் சிரிக்க வைத்த பாவம் தன்னைத்தான் சேரும் என்று தோன்றியது. சத்தியமாவது ஒன்றாவது, சொல்லிவிட வேண்டியதுதான்.

டிராவல்ஸ் படியில் வைத்து அவள் கையைப் பிடித்தார். "சரசு, ஒண்ணு சொல்லணும். நீ மனச விட்டுறக் கூடாது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். டிக்கெட்டைப் போட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி, கையை விடாமல் அவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மாரிச்செல்வம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினான். ரெண்டு பேருக்கு டிக்கெட் எடுக்கலாம் என்றான். எந்த ஊருக்குப் போட வேண்டும் என்று கேட்டான்.

தனுஷ்கோடி கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் சரஸ்வதியின் குரல் நிதானமாகக் கேட்டது.

"திருப்பூருக்குப் பக்கத்துல எந்த ஏர்போர்ட்டு தம்பி?"