துணையில்லாத ஆஸ்

“நான் ஜெயிச்சா ஆபரேஷன் பேச்சை அப்புறம் எடுக்கவே கூடாது. சம்மதமா?” என்றாள் ஜலஜா, சீட்டைக் கலைத்தபடி.

“சம்மதம். நான் ஜெயிச்சா, நாளைக்கே நீ ஆஸ்பத்திரியில சேரணும்” என்றார் ஸ்ரீரங்கன்.

“ஒரே ஆட்டம்தான். அப்புறம் மறுபடியும்னு அழக்கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லஸ்ஸுக்குப் பின்னால் அவர்களுடைய மாடி வீட்டில், சாப்பாட்டு மேஜைமேல் பந்தயக் காசுக்குப் பதிலாக ஆளுக்கொரு குவியல் தீக்குச்சி.

ஸ்ரீரங்கன் கப்பலில் இன்ஜினீயராக இருந்தவர். ஒமாஹா என்கிற இந்தச் சீட்டாட்டத்தை அங்கே கற்றுக்கொண்டு, மனைவிக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஜலஜாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. ‘தள்ளிப்போடாதீங்க’ என்று டாக்டர் மீனாட்சி சொல்லி இரண்டு மாதமாயிற்று. ஸ்ரீரங்கன் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். அவள் மசியவில்லை. கடைசியில்தான் அவருக்கு இந்தச் சீட்டு யோசனை வந்தது.

ஆளுக்கு நாலு சீட்டு. மேஜையில் இருவருக்கும் பொதுவாக ஐந்து. கையிலிருந்து சரியாக இரண்டு, மேஜையிலிருந்து மூன்று சேர்க்க வேண்டும். ஐந்தும் திறந்தாயிற்று. அதில் மூன்று இஸ்பேட்டு. கையில் இன்னும் இரண்டு இஸ்பேட்டு இருந்தால் ஐந்தும் ஒரே ஜாதி, கொண்டாட்டம்தான். அதில் ஒன்று ஆஸ் என்றால் அசைக்க முடியாது.

ஸ்ரீரங்கனிடம் இஸ்பேட்டு ஆஸ் இருந்தது. துணைக்கு இன்னொரு இஸ்பேட்டுதான் இல்லை. வெறும் கை.

ஆனால் ஜலஜாவுக்கு அது தெரியாதே! தன் கையிலும் மேஜையிலும் ஆஸைக் காணாமல், அது இவரிடம் இருக்குமோ என்று அவள் பயப்படத்தான் வேண்டும். ஒவ்வொரு முறை சீட்டு திறந்தபோதும் அவர் தயங்காமல் குச்சி வைத்து வந்திருந்தார். இப்போது பின்வாங்கினால் குட்டு உடைந்துவிடும்.

மிச்சமிருந்த குச்சி முழுவதையும் நடுவில் தள்ளினார்.

“ஆஸ் வெச்சிண்டிருக்கேளா?”

“பார்க்கணும்னா நீயும் மொத்தத்தையும் வை.”

குரல் நடுங்கவில்லை. மேஜைக்கு அடியில் இடது கை மட்டும் வேட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஜலஜா தன் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், வெகு நேரம்.

“சீட்டை மடக்கி விட்டுக்குடுத்துடு ஜலஜா. வீணா எதுக்கு?”

“நிஜமாவே கையில இருந்தா நீங்க இவ்வளவு பேச மாட்டேளே” என்றவள், தன் குவியலை அப்படியே நகர்த்திவிட்டுச் சீட்டை விரித்தாள். இஸ்பேட்டு ராஜா. பக்கத்தில் இஸ்பேட்டு ஏழு.

ஸ்ரீரங்கன் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். மின்விசிறி காற்றில் ஒரு தீக்குச்சி உருண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

“வாக்குக் குடுத்துட்டேன். இனிமே கேக்கல” என்றார்.

ஜலஜா எழுந்து உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஆஸ்பத்திரிப் படிவம். அடியில் அவளுடைய கையெழுத்து, போன வியாழக்கிழமை தேதியோடு.

“நாளைக்குக் காலம்பற அட்மிஷன்.”

“அடிப்பாவி! அப்புறம் எதுக்குடி இந்த ஆட்டம்?”

“நீங்க ஏமாத்தி ஜெயிச்சு நான் போய், அங்கே எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ‘நான்தானே அனுப்பினேன்’னு ஆயுசுக்கும் மருகிண்டிருப்பேள். இப்போ ஜெயிச்சது நான். நானாத்தான் போறேன்.”