பழைய வெர்ஷன்

"தகவலைப் பூட்டி அனுப்புற என்கிரிப்ஷன்ல அந்தப் பழைய வெர்ஷனை இன்னைக்கே நிறுத்துங்க. அதுல போறதை நடுவுல உட்கார்ந்து எவன் வேணும்னாலும் படிச்சிடலாம்!" என்று கம்பெனிக் கூட்டத்தில் மேசையைத் தட்டினார் பாதுகாப்பு அதிகாரி.

"பழைய போன் வச்சிருக்கிற கஸ்டமருங்க கோவிச்சுப்பாங்களே சார்?" என்று இழுத்தார் மேனேஜர்.

"புது போன் வாங்கிக்கட்டும். கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கச் சொல்றீங்களா?"

அன்றே பழையது நிறுத்தப்பட்டது.

சாயங்காலம் அதிகாரி வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி தன் போனை நீட்டினாள்.

"பாதி சைட் திறக்க மாட்டேங்குதுங்க. பழைய வெர்ஷன், பாதுகாப்பு இல்லைன்னு வருது. நீங்கதானே ஏதோ செட்டிங் மாத்தி வச்சீங்க? புதுசு வாங்கிக்கட்டுமா?"

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது!"

"அப்போ அந்த செட்டிங்கையாவது மாத்திக் குடுங்க."

"பார்க்கலாம், பார்க்கலாம்." அவர் சட்டைப் பித்தானைக் கழற்றியபடியே சொன்னார். "வர்ற வியாழக்கிழமை நானும் லீவு போட்டுட்டேன். வக்கீல் ஆபீசுக்கெல்லாம் நீ தனியாப் போக வேண்டாம்."

வக்கீலைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. அக்காவுக்கு மட்டும் இந்தப் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பியிருந்தாள். அதையும் உடனே அழித்துவிட்டிருந்தாள்.

"எத்தனை நாளா என் மெயிலைப் படிக்கிறீங்க?"

"கல்யாணமான நாள்லேருந்து," என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். "எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான்."