கடன் இல்லாத கொம்பனி

“கடன் இல்லாததுதான் அண்ணை உங்கட கொம்பனியில உள்ள பிழை!”

தில்லைநாதனுக்குச் சுருக்கென்றது. சுவிஸ் நாட்டின் வின்டர்தூரில் இடியப்பம் அவித்து, உறைய வைத்து, கடை கடையாகக் கொடுத்து வளர்த்த நிறுவனம். கடனுக்கென்று வங்கி வாசலை மிதித்ததில்லை என்பதுதான் அவருடைய வாழ்நாள் பெருமை. முதுகுவலி பாடாய்ப் படுத்தியதால் விற்க வேண்டியதாயிற்று. அதற்காக அந்தப் பெருமையையே குறையாக்கி விலை பேசுவதா?

வாங்க வந்த இருவரில் கோட் போட்ட சஞ்சீவ்தான் கதைத்தார். பெரிய கதிரையையும் முதல் தேத்தண்ணியையும் தில்லைநாதன் அவருக்கே கொடுத்திருந்தார். மடிக்கணினியோடு வந்த நிலோஜினி ஓரமாக இருந்தாள்.

“கடன் எடுத்தவை வட்டியைச் செலவாக் காட்டி வரியைக் குறைக்கினம். உங்களுக்கு அந்த வரிக்கழிவு இல்லை. வரி கூட, மிச்சம் குறைவு. அதால விலையும் குறைவு,” என்றார் சஞ்சீவ்.

“அப்ப கடன்படாத நான் மடையனோ?” என்று கேட்டார் தில்லைநாதன்.

நிலோஜினி நிமிர்ந்தாள். “இல்லை அண்ணை. சஞ்சீவ், ஒன்றை விட்டிட்டியள். சூரிச் மாநிலத்தில, தேவைக்கு மிஞ்சிச் சொந்த முதல் வச்சிருக்கிற கொம்பனிக்கும் ஒரு கழிவு இருக்கு. மிஞ்சின முதலுக்கு வட்டி கட்டினமாதிரி ஒரு தொகையை மாநில வரியில கழிக்கலாம். வருசாவருசம் கையில நிக்கிறது கூடினா, விலையும் கூடத்தானே வேணும்?”

சஞ்சீவ் பதறிப்போனார். “நிலோஜினி, நாங்கள் வாங்க வந்தனாங்கள்! நீங்கள் விக்க வந்தமாதிரிக் கதைக்கிறியள்!”

“வாங்கினா என்ன, வித்தா என்ன? உள்ள பெறுமதி உள்ளதுதானே. வட்டிவீதம் இறங்கினா இந்தக் கழிவும் சுருங்கும். அதையும் பாத்துத்தான் போட்டிருக்கிறன்.”

அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். அதிலிருந்த தொகை, தில்லைநாதன் மனதில் நினைத்திருந்த விலையைவிடக் கூடுதல்!

அம்மாடி, என்ன பிள்ளை இது! என்ன தெளிவு, என்ன நேர்மை! தில்லைநாதனுக்குக் கண் கலங்கியே விட்டது. இப்படி ஒருத்தி தன்னிடம் கணக்குப் பார்க்க இருந்திருந்தால் என்று ஏங்கினார்.

“தம்பி, கோவிக்காதேங்கோ. இந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்ன சம்பளம் குடுக்கிறியள்?”

சஞ்சீவ் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“நான் எங்க அண்ணை குடுக்கிறது? எனக்குச் சம்பளம் தாறதே அவாதான். உங்கட கொம்பனியை வாங்கப்போறதும் அவாதான்!”