பீரோ பக்கம் நின்ற பாடகர்

"இந்த லட்சணத்துல மாட்டினது யாரு?"

பெரியவள் கூடத்தில் இருந்த எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். கேட்கவே வேண்டியதில்லை. அப்பாவோடு அந்த வீட்டில் இருப்பவர்கள் தங்கையும் அவள் வீட்டுக்காரரும்தான். தங்கைக்கு ஸ்குரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

"நான்தான் அக்கா," என்றார் மாப்பிள்ளை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். அதிர்ந்து பேசமாட்டார்.

பெரியவளுக்கு வேலை ஒலிப்பதிவுக் கூடத்தில். சத்தத்தில் மயிரிழை பிசகு இருந்தாலும் பிடித்துவிடுவாள். பிடித்தால் லேசில் விடவும் மாட்டாள்.

அப்பாவின் ரெக்கார்டு பிளேயருக்குப் புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கி அனுப்பியதும் அவள்தான். தட்டின் மேல் ஓடும் முள்ளைத் தாங்குகிற சின்னத் துண்டு அது. உசத்தியான ரகம். ஆனால் அதிலிருந்து வருவது கொசு பறக்கிற அளவு சத்தம். அதற்குப் பொருத்தமான ஃபோனோ ஸ்டேஜ் பெட்டி நடுவில் இருந்து ஏற்றிக் கொடுத்தால்தான் உண்டு. எந்தப் பெட்டி என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையும் அதையேதான் வாங்கியிருந்தார்.

வாங்கி என்ன பிரயோஜனம்? தட்டைச் சுழலவிட்டால், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று பாட வேண்டிய பாடகர் இடது மூலையில் பீரோவோடு ஒட்டிக்கொண்டு பாடுகிறார்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று குட்டி ஸ்விட்சுகள். இடது உச்சத்தில் இருந்தது. வலது பாதியில் இருந்தது.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே மாப்பிள்ளை! கண்ணை மூடிக்கிட்டா மாட்டினீங்க?"

"அவசரத்துல கவனிக்கலை அக்கா."

தங்கைக்குச் சுருக்கென்றது. "விடுக்கா. அப்பா தினமும் சந்தோஷமாத்தானே கேக்கறார்."

"அப்பா என்னிக்கு வாய்விட்டுக் குறை சொல்லியிருக்கார்? பியானோவுக்குச் சுருதி சேர்த்தே காலம் தள்ளின மனுஷர். இதைக் கேட்டு உள்ளுக்குள்ள எவ்வளவு நொந்திருப்பாரோ!"

இரண்டு ஸ்விட்சையும் சமமாக வைத்தாள். பாடகர் சமர்த்தாக நடுவுக்கு வந்து நின்றார்.

"இப்பக் கேளுங்கப்பா."

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். முகம் சுருங்கியது.

"பாடறவர் வலது பக்கம் ஜன்னல்கிட்ட போயிட்டாரேம்மா."

"என்னப்பா சொல்றீங்க? நட்டநடுவுல நிக்கறார்!"

"எனக்கென்னவோ மாப்பிள்ளை வச்சதுதான் சரியா இருந்துச்சு."

பெரியவளுக்கு வந்ததே கோபம்! தப்பான சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அப்பாவின் ரசனையே கெட்டுவிட்டது என்று தோன்றியது.

"இது இங்க இருந்தா உருப்படாது. சாயங்காலம் எல்லாத்தையும் கார்ல எடுத்துட்டுப் போயிடறேன். நீங்க என் வீட்டுக்கு வர்றப்ப கேட்டுக்கலாம்."

அப்பா மடியிலிருந்த ரெக்கார்டு உறையைத் தடவிக்கொண்டே இருந்தார். தினமும் தங்கையும் மாப்பிள்ளையும் கடைக்குக் கிளம்பிப் போன பிறகு அவருக்குப் பேச்சுத் துணை அந்தப் பிளேயர்தான்.

பெரியவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே மாப்பிள்ளை வந்தார்.

"அக்கா, தயவுசெஞ்சு பிளேயரை எடுத்துட்டுப் போயிடாதீங்க. மாமாவுக்கு இடது காது மந்தமாயிட்டுது. எல்லாப் பாட்டும் வலது பக்கமே கேக்குது, இடது ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்லை. ஒரு கண்ணுக்கு ஒரு பவர், இன்னொரு கண்ணுக்கு வேற பவர்னு நாங்க போடறதில்லையா? அதே மாதிரி இதையும் கூட்டிக் குறைச்சு வச்சேன்."

"இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"காதை நம்பியே பிழைச்சவர்கிட்ட, உங்க காது போச்சு மாமான்னு எந்த வாயால சொல்றது? உங்க தங்கச்சிக்குக்கூட நான் சொல்லலை."

ஊரில் இருக்கிற சத்தத்திலெல்லாம் குற்றம் கண்டுபிடித்தவளுக்குப் பெற்ற அப்பாவின் காதைக் கவனிக்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலவும் இருந்தது.

கூடத்துக்கு வந்து ஸ்விட்சுகளைப் பழையபடி திருப்பினாள்.

"நான்தான்ப்பா அவசரப்பட்டுட்டேன். மாப்பிள்ளை வச்சதுதான் பொருத்தம். பிளேயர் இங்கயே இருக்கட்டும்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளையும் நிம்மதியாகக் கடையைத் திறக்கக் கிளம்பினார். தங்கையும் கூடவே போனாள்.

அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. சட்டைப் பையிலிருந்து பட்டாணி அளவில் எதையோ எடுத்து இடது காதில் செருகிக்கொண்டார்.

காது மெஷின்!

"அப்பா! இது எப்ப வாங்கினீங்க?"

"மாப்பிள்ளை அந்தப் பெட்டியை மாட்டின மறுநாளே. பின்னால ஸ்விட்ச் இருக்கற இருப்பைப் பார்த்ததும் எல்லாம் புரிஞ்சுபோச்சு. நேரா டாக்டர்கிட்ட போயிட்டேன்."

"அப்புறம் ஏன் பையில வச்சிருக்கீங்க?"

"இதை மாட்டிக்கிட்டுக் கேட்டா நீ சொன்ன மாதிரி பாட்டு பீரோ பக்கம் ஓடிடுதும்மா. அவர் எதிர்ல ஸ்விட்சை மாத்த முடியுமா? அதனால அவர் வீட்ல இருக்கற வரைக்கும் கழட்டி வச்சிடுவேன். நீ இப்ப ரெண்டு ஸ்விட்சையும் சமமா வை, ஆசைதீரக் கேப்போம். ஆனா வண்டிச் சத்தம் கேட்டா உடனே அவர் வச்ச மாதிரியே வச்சுடணும். நான் கண்டுபிடிச்சிட்டேன்னு தெரிஞ்சா, மாமா மனசு நொந்திருக்குமோன்னு பாவம், அவருக்குத் தூக்கமே வராது."